அம்மாவுக்கு மறதியா, காது கேட்கவில்லையா? சுங்கை சிப்புட் பக்கம் யாருக்காவது இந்த அனுபவம் உண்டா

மூத்த மகள்:
அம்மாவுக்கு 74. காதில் மாட்டும் மெஷின் இரண்டு பக்கமும் போட்டும் பிரயோஜனம் இல்லாமல் போய், கடைசியில் கோலாலம்பூரில் கோக்லியர் வைத்தோம், ஆபரேஷன் செய்து உள்காதில் வைத்து, கேட்கும் நரம்பை நேராகத் தூண்டுகிற கருவி. அதுவல்ல என் மனதை அறுப்பது. அதற்கு முன்னால் ஒரு மருத்துவமனையில் ஞாபக சோதனை வைத்தார்கள், ஐந்து சொல்லைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்களே, அது. சோதனை செய்தவர் முகக்கவசத்தோடு, மலாயில், மெதுவாகப் பேசினார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன், வாய் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டிய அம்மா, திடீரென்று திரும்பி, "என்னம்மா, பேரக் கேக்குறாங்களா?" என்றார். 30க்கு 11 என்று எழுதி, மறதி நோயாக இருக்கலாம் என்று அனுப்பினார்கள். கோக்லியர் வைத்து ஒரு வருஷம் கழித்து அதே சோதனையில் 19. மூளை தெளிந்ததா, இல்லை கேள்வி காதில் விழுந்ததா, எனக்கு இன்னும் புரியவில்லை.

கிராணி மகன்:
அக்கா, தப்பாக நினைக்காதீர்கள், 19 என்று படித்துவிட்டு இங்கே நாலு பேர் நம்பிக்கையோடு கிளம்பிவிடுவார்கள். என் அப்பா ரப்பர் ஆலைச் சத்தத்திலேயே காதைத் தொலைத்தவர், முப்பது வருஷம் சரியாகக் கேட்காமல் இருந்துவிட்டுத்தான் வைத்தோம். அத்தனை வருஷம் சும்மா கிடந்த நரம்பு எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது என டாக்டர் முதலிலேயே சொன்னார். தைப்பூசத்தன்று உறுமி அடிக்க ஆரம்பித்ததும், தலையில் காந்தத்தால் ஒட்டியிருந்த கோக்லியரின் வெளி வில்லையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, செருப்புவிடும் இடத்தில் போய்த் தனியாக உட்கார்ந்துவிட்டார். கேட்டதற்கு, "சத்தம் இருக்குடா, பேச்சு இல்ல" என்றார். உதட்டைப் பார்த்தால்தான் இன்றும் புரிகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
தம்பி சொல்வதில் பாதிதான் சரி. பிரான்சில் 65 முதல் 85 வயதுவரை 94 பேருக்கு கோக்லியர் வைத்துப் பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். வைப்பதற்கு முன்னால் ஞாபக, சிந்தனைச் சோதனைகளில் மோசமாகச் செய்த 37 பேரில் 30 பேர் ஒரு வருஷத்தில் தேறினார்கள். ஆனால் வைக்காதவர்களோடு ஒப்பிடவில்லை, அதனால் அந்த மகள் கேட்ட கேள்விக்கு அதிலும் முழுப் பதில் இல்லை. 2023இல் அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுக்காரர்கள் 977 பேரை வைத்து ஒரு சோதனை வந்தது, அது சாதாரணக் காது மெஷினுக்கு. மொத்தத்தில் வித்தியாசம் இல்லை, ஏற்கெனவே மறதி வரும் ஆபத்து அதிகமாக இருந்தவர்களிடம் மட்டும் மூன்று வருஷத்தில் ஞாபக, சிந்தனைத் திறனின் சரிவு 48 சதவீதம் குறைந்தது. சரி, இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் சுவிட்ச் போடும்போது எல்லார் குரலும் தகரத்தில் பேசுகிற மாதிரிதான் கேட்கும், பயந்து கழற்றி வைக்கவிடாதீர்கள். தினம் அரை மணி நேரம் தமிழ்ப் பேப்பரைக் கையில் கொடுத்து, அதே பத்தியை நீங்கள் சத்தமாகப் படியுங்கள், கண்ணும் காதும் சேரட்டும். பழகியபின் மின்னல் எஃப்எம் செய்தி. மேப்பிங்குக்கு, அதாவது கருவியின் சத்த அளவை அவர் காதுக்கு ஏற்றபடி சரிசெய்வதற்கு, தவறாமல் போங்கள். உள்ளே காந்தம் இருப்பதால், எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் முதலில் கோக்லியர் வைத்தபோது கொடுத்த அட்டையைக் காட்டுங்கள். ஞாபக சோதனையைத் தமிழில், கேள்விகளை எழுதிக் காட்டி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். என் அக்காவுக்கும் வைத்தோம், தகரக் கூரையில் மழை விழுந்ததும் அழுதுவிட்டார், அவ்வளவுதான் என் கதை.

மூத்த மகள்:
டீச்சர், எழுதிக் காட்டச் சொல்லலாம் என்று எனக்கு அன்று தோன்றவே இல்லை. தம்பி, அப்பாவிடம் ஒருவர் மட்டும், கூட்டம் இல்லாத இடத்தில் பேசிப் பாருங்கள், என் அம்மாவுக்கு சமையல்கட்டில் நான் தனியாகப் பேசினால் முக்கால்வாசி விளங்குகிறது, கல்யாண வீட்டில் ஒன்றும் இல்லை. அடுத்த மாதம் மறுபடி சோதனைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த முறை பெரிய எழுத்தில் அட்டை எழுதி எடுத்துக்கொண்டு போகிறேன். அம்மாவுக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன்.