இக்னிஷன் லாக் மாற்றினால் சிப் சாவியை மறுபடி புரோகிராம் செய்ய வேண்டுமா?

திண்டுக்கல் டீசல்
2011 மாடல் கார், 1,40,000 கிலோமீட்டர் ஓடியது. மூன்று மாதமாகவே ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஆட்டிக் கெஞ்சினால்தான் சாவி திரும்புகிறது. போன வாரம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட் வாசலில் இருபது நிமிடம் அடம்பிடித்தது. பின்னால் தக்காளி வேன்காரர் ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை. சர்வீஸ் சென்டரில் லாக் செட், சாவி, புரோகிராமிங் எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் என்கிறார்கள். தெரு முனை மெக்கானிக், பழைய லாக் ஒன்றைச் சாவியோடு 1,500க்கு மாட்டித் தருகிறேன் என்கிறார். மாட்டினால் வண்டி ஸ்டார்ட் ஆகுமா?

பட்டறை அண்ணாச்சி
தம்பி, அந்தச் சாவி திரும்பும், வண்டி ஓடாது. சாவியின் இரும்புக்கு லாக்கைத் திருப்புவது மட்டும்தான் வேலை. தெரியாத சாவிக்கு எஞ்சினை ஓடவிடாமல் தடுக்கும் திருட்டுத் தடுப்புக் கருவிதான் இம்மொபிலைசர்; அதற்குப் பதில் சொல்வது சாவியின் தலைக்குள் இருக்கும் சிப். அந்தச் சிப்புக்கு பேட்டரி கிடையாது. லாக்கின் வாயைச் சுற்றியுள்ள காயிலில் இருந்து கரண்ட் வாங்கிக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். தெரியாத எண் என்றால் சில வண்டிகள் ஸ்டார்ட் ஆகி இரண்டு நொடியில் அணைந்துவிடும், சிலது ஸ்டார்ட்டே ஆகாது. உங்கள் சிப்பைக் கழற்றிக் காயிலோடு டேப் சுற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஓடிவந்துவிடுங்கள். திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற வேலை அது.

லாக்குக்குள் பித்தளைத் தகடுகள் வரிசையாக இருக்கும். தேய்ந்ததை மட்டும் மாற்றி உங்கள் சாவிக்கே பொருத்தலாம், நல்ல சாவிக்காரர் செய்வார். சிப் அதேதான் என்பதால் புரோகிராமிங் பேச்சே இல்லை. ஆனால் சீக்கிரம் போங்கள். பல வண்டிகளில் சாவியைக் கொஞ்சமாவது திருப்பினால்தான் பேரலை, அதாவது சாவி நுழையும் உருளையை, கழற்ற முடியும். முழுக்க மாட்டிக்கொண்டால் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அதற்கு முன் வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியைப் போட்டுப் பார்த்தீர்களா? எண்ணெய் ஏதாவது விட்டீர்களா?

திண்டுக்கல் டீசல்
தேங்காய் எண்ணெய் விட்டேன் அண்ணே. திட்டாதீர்கள்.

ரெண்டாவது கியர்
எண்ணெயில் தூசி ஒட்டிக் களிம்பாகிவிடும். கிராஃபைட் பொடிதான் போட வேண்டும். ஸ்டியரிங் பக்கம் கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள், அங்கே ஏர்பேக் இருக்கிறது.

திண்டுக்கல் டீசல்
பீரோவில் கிடந்த சாவி பத்துக்கு ஏழு தடவை திரும்பியது. பேரலைக் கழற்றியதில் இரண்டு தகடு வழவழவென்று தேய்ந்திருந்தது, மீதியெல்லாம் எண்ணெய்ச் சேறு. சாவிக்காரர் பீரோ சாவிக்கே பொருத்தி 1,100 ரூபாய் வாங்கினார். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட். தேய்ந்த பழைய சாவியைத் தூக்கிப் போட்டுவிடலாமா அண்ணே?

பட்டறை அண்ணாச்சி
ஐயையோ, வேண்டாம். அந்தச் சிப் இன்னும் உயிரோடு இருக்கிறது. புது இரும்பு வெட்டி அதே தலையில் மாட்டச் சொல்லுங்கள். இரண்டு சாவியும் தொலைந்தால்தான் ஆர்சி புத்தகத்தோடு சர்வீஸ் சென்டர் வாசலில் நிற்க வேண்டிவரும்.