ஓடுகிற சிஸ்டத்தை ஓரங்கட்டச் சொல்வது யாருடைய நன்மைக்கு?

எல்லைக்கடை (மீனாட்சிபுரம்):

மீனாட்சிபுரத்தில் டிடிபி, ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். பொள்ளாச்சிப் பக்கமிருந்தும் ஆள் வரும், கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்தும் வரும், அதனால் கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பஞ்சாயத்துக்கு மனு எல்லாம் தமிழிலும் அடிக்க வேண்டும், மலையாளத்திலும் அடிக்க வேண்டும். கடையில் இருந்தது 4ஆம் தலைமுறை இன்டெல் ஐ3 சிப்பு போட்ட சிஸ்டம், விண்டோஸ் 10. ஒரு குறையும் சொல்ல முடியாது. 2025 அக்டோபர் 14க்கு மேல் விண்டோஸ் 10க்கு சப்போர்ட் கிடையாது என்று மைக்ரோசாஃப்ட்காரர்கள் அறிவித்தார்கள். சரி, 11 போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தால் அது இந்த சிஸ்டத்தில் ஏறாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பு வேண்டுமாம், இன்டெல் என்றால் அனேகமாக 8ஆம் தலைமுறையிலிருந்துதான் 11 ஏறும் என்று அவர்கள் போட்ட சிப்புப் பட்டியலிலேயே இருக்கிறது. வேறு வழியில்லாமல் புது சிஸ்டம் வாங்கினேன்.

வாங்கிய பிறகுதான் தொல்லையே ஆரம்பம். தமிழ் கீபோர்டு சாஃப்ட்வேர் சிடியைப் போட்டு செட்டப்பைத் தட்டினால் இந்த ஆப் உங்கள் கணினியில் ஓடாது என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது, அவ்வளவுதான். லேசர் பிரிண்டரைச் செருகினால் வெறும் யூஎஸ்பி சாதனம் என்று காட்டுகிறது. அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டால் அந்த மாடலை நிறுத்தி வருஷமாகிறது, புது டிரைவர் (பிரிண்டரைக் கணினியோடு பேச வைக்கிற சாஃப்ட்வேர்) வராது என்கிறார்கள். பெரிய ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் பண்ணினால் நேராகக் கணினி ஃபோல்டரில் வந்து விழும், இப்போது அதுவும் வரவில்லை. மூன்று சாமானும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தவை. ஒன்றும் ரிப்பேர் இல்லை. யாரோ எங்கேயோ எடுத்த முடிவுக்கு என் கல்லாவிலிருந்து ஏன் காசு போக வேண்டும், அதைத்தான் கேட்கிறேன்.

பொள்ளாச்சி சர்வீஸ்:

அண்ணா, உங்கள் கஷ்டம் புரிகிறது, ஆனால் நீங்கள் கோபப்படுகிற இடம் தப்பு. தினமும் இதே வேலையில் இருக்கிறவன் என்பதால் சொல்கிறேன்.

16, 32, 64 பிட் என்பது சிப்பும் சாஃப்ட்வேரும் வேலை செய்கிற முறை, எண் சின்னதாக இருந்தால் பழைய முறை. விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது, 64 பிட் மட்டும்தான். உங்கள் சிடியில் சாஃப்ட்வேர் 32 பிட்டாகவே இருந்தாலும் அதை நிறுவுகிற செட்டப் ஃபைல் 16 பிட்டாக இருக்கும், அந்தக் காலத்து சிடிகளில் பல அப்படித்தான். 64 பிட் விண்டோஸ் எதிலும் 16 பிட் ஓடாது, ஆரம்பத்திலிருந்தே ஓடாது. உங்கள் பழைய சிஸ்டத்தில் யாரோ 32 பிட் விண்டோஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், அதனால் இத்தனை நாள் தெரியாமல் இருந்தது. நேற்று எடுத்த முடிவு இல்லை இது.

ஸ்கேன் விஷயம்தான் முக்கியம். உங்கள் ஜெராக்ஸ் மெஷின் ஃபோல்டருக்கு ஃபைல் அனுப்புவது அனேகமாக எஸ்எம்பி முதல் பதிப்பு என்ற, நெட்வொர்க்கில் ஃபைல் பகிர்கிற பழைய முறையில்தான். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற வான்னாக்ரை வைரஸ் வந்தது ஞாபகம் இருக்கிறதா? அது உள்ளே புகுந்த ஓட்டை அந்த எஸ்எம்பி முதல் பதிப்பில்தான். நம் பக்கமும் அடி விழுந்தது, வயநாட்டில் தரியோடு பஞ்சாயத்து ஆபீஸ் கணினிகள் மாட்டின, பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகத்திலும் மாட்டின. அந்த வருஷமே விண்டோஸ் 10ல் புதிதாகப் போடும்போது அந்த முறையைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். உங்கள் பழைய சிஸ்டத்தில் யாரோ கைவேலையாக அதைத் திறந்து வைத்திருக்க வேண்டும். உங்கள் கடையில் எத்தனை பேருடைய ஆதார் நகல், பேங்க் பாஸ்புக் ஸ்கேன் கிடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அது உங்கள் காசு மட்டும் சம்பந்தப்பட்டது இல்லை.

எல்லைக்கடை:

தம்பி, பாதுகாப்பு வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? அதே 2017ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கும் ஓட்டையை அடைக்கிற ஒட்டு (பேட்ச்) கொடுத்தார்களே, எக்ஸ்பிக்கு சப்போர்ட் முடிந்தது 2014ல். மனசு வைத்தால் முடியும் என்றுதானே அர்த்தம்? இப்போது விண்டோஸ் 10க்கும் 2026 அக்டோபர் வரை ஒரு வருஷம் நீட்டித்திருக்கிறார்கள், கணக்கு ஒன்று தொடங்கி செட்டிங்கை அவர்களிடம் சேமித்து வைத்தால் காசு வேண்டாம், இல்லையென்றால் முப்பது டாலர். ஒட்டு தயாராக இருக்கிறது, யாருக்கு எவ்வளவு நாள் என்பதுதான் அவர்கள் கையில். ஓட்டை அடைப்பதற்குப் புது மதர்போர்டு எதற்கு என்று எனக்கு யாரும் விளக்கவில்லை. கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023 கடைசியில் போட்ட மதிப்பீடு, இந்த ஒரு மாற்றத்தால் உலகத்தில் 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகலாம் என்று. எல்லாமே ஓடுகிற சிஸ்டம்.

பொள்ளாச்சி சர்வீஸ்:

டிபிஎம் எதற்கு என்றால், பூட் ஆகும்போதே உள்ளே ஏதாவது புகுந்திருக்கிறதா என்று சரிபார்க்கவும், டிஸ்கைப் பூட்டுகிற சாவியைத் தனியாக வைக்கவும். அதை சாஃப்ட்வேரில் மட்டும் செய்தால் அந்த அளவுக்கு நம்ப முடியாது. புது விண்டோஸில் மெமரி இன்டெக்ரிட்டி என்று ஒன்று இருக்கிறது, அதை ஆன் பண்ணினால் ஓட்டையான பழைய டிரைவர் விண்டோஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் ஏற முடியாது. சில பழைய சாமான்களின் டிரைவர் ஓடாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். எழுதின கம்பெனி ஒரு தடவை உட்கார்ந்து திருத்தி விட்டால் ஓடும். திருத்தவில்லை, ஏனென்றால் புது பிரிண்டர் விற்க வேண்டும். சண்டை போடுவதென்றால் அவர்களிடம் போடுங்கள். ஆனால் சிப்புப் பட்டியலை இவ்வளவு இறுக்கியிருக்க வேண்டாம் என்பதில் நான் உங்கள் கட்சிதான்.

சித்தூர் டீச்சர்:

நான் சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியம் பள்ளியில் வேலை பார்க்கிறேன், கேரளத்துச் சித்தூர். இரண்டு பேரும் ஒரு கம்பெனி செய்வதைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் பள்ளிக்கூடங்களில் ஐடி பாடம் முழுக்க, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸில்தான். கேரள அரசின் ஐடி@ஸ்கூல் திட்டம் 2001ல் வந்தது, பிறகு யார் வேண்டுமானாலும் பார்த்துத் திருத்திக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்கு மாறினார்கள், 2017லிருந்து அதுவே கைட் என்ற பெயரில் நடக்கிறது. எஸ்எஸ்எல்சி ஐடி பரீட்சையையும் பிள்ளைகள் லினக்ஸில்தான் எழுதுகிறார்கள். எங்கள் லேபில் இருக்கிற பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறாது, உபுண்டு என்ற லினக்ஸ் ஓடுகிறது, தமிழ், மலையாளம் இரண்டிலும் டைப் பண்ணுகிறார்கள்.

எல்லைக்கடைக்காரர் மாட்டிக்கொண்டிருப்பது ஃபான்ட்டில் என்று நினைக்கிறேன். பாமினி, எம்எல் கார்த்திகா மாதிரி ஃபான்ட்டில் அடித்ததெல்லாம் உள்ளே வெறும் ஆங்கில எழுத்து. அந்த ஃபான்ட்டும் அந்த கீபோர்டும் இல்லாமல் அந்த ஃபைலுக்கு உயிர் இல்லை. தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடுக்கு, அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே குறியீடு இருக்கிற முறைக்கு, மாறச் சொல்லிவிட்டது. மாறியிருந்தால் கீபோர்டு சிடியைத் தேடவே வேண்டாம், விண்டோஸ், லினக்ஸ் என்று எந்த ஓஎஸ்ஸிலும் (இயங்குதளத்திலும்) உள்ளேயே இருக்கிறது. பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேரில் செய்த ஃபைலை லிப்ரெஆபீஸ் தொகுப்பின் டிராவில் திறக்கலாம், 2015லிருந்தே திறக்கிறது. பக்கம் வடிவமைக்கிற ஸ்கிரைபஸ் 1.6ல் தமிழ் எழுத்து உடையாமல் வருகிறது. இதற்கெல்லாம் காசு கிடையாது.

எல்லைக்கடை:

டீச்சர், பள்ளிக்கூடத்தில் தப்பு வந்தால் அழித்து எழுதலாம். நான் அச்சுக்கு அனுப்புகிறேன். உங்கள் பேச்சை நம்பி ஒரு பழைய பத்திரிகையை டிராவில் திறந்தேன். திறந்தது, பொய் சொல்லவில்லை. பிள்ளையார் படம் மேலே ஒரு மூலைக்கு ஏறிவிட்டது, இரு வீட்டார் அழைப்பு என்ற வரி இரண்டாக மடிந்து கீழே இருக்கிற முகூர்த்த நேரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சரி, எழுத்தை மட்டும் எடுத்து யூனிகோடுக்கு மாற்றலாம் என்று கன்வர்ட்டரில் போட்டேன். மணப்பெண் பெயர் கௌசல்யா. வந்தது கெளசல்யா. பழைய ஃபான்ட்டில் ஔகாரத்து வால் குறியும் ள எழுத்தும் ஒரே கீயில் வருகிற இடம் உண்டு, மிஷினுக்கு எது எது என்று தெரியாது. கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் ஃபான்ட்டை மாற்றினதும் எழுத்துக்கு நடுவே இடைவெளி விழுந்து அசிங்கமாகத் தெரியும். கௌரி, சௌந்தரம், பௌர்ணமி எல்லாம் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டும். மலையாளத்தில் சில்லு எழுத்துக்கும் (நம் ன், ல் மாதிரி தனியே நிற்கிற மெய்) இதே கதி, 2008ல் அதற்குத் தனிக் குறியீடு கொடுத்தார்கள், கன்வர்ட்டர்களில் பாதி இன்னும் பழைய வழியில்தான் மாற்றிக் கொடுக்கின்றன. பெண் பெயரில் தப்பு வந்த பத்திரிகையை எந்த அப்பா வாங்கிக்கொண்டு போவார்? மறுபடி அடிக்கிற காகிதச் செலவு என் தலையில்.

புது வேலையை யூனிகோடில் செய்கிறேன், அதில் எனக்கு வழக்கு இல்லை. இத்தனை வருஷம் சேர்த்து வைத்த டிசைன்தான் கடையின் முதல். அண்ணன் கல்யாணத்துக்கு அடித்த மாதிரியே தம்பிக்கும் வேண்டும் என்று வந்து நிற்கிறார்கள், அவர்களிடம் யூனிகோடைப் பற்றி என்ன பேசுவது?

வேலந்தாவளம் கணக்கர்:

நடுவில் ஒரு வார்த்தை. எங்கள் ஆபீஸில் ஜிஎஸ்டி ரிட்டர்ன், கம்பெனிப் பதிவு எல்லாம் பென்டிரைவ் மாதிரி செருகுகிற டிஜிட்டல் கையெழுத்து டோக்கனில்தான் போகிறது. 11க்கு மாறின அன்று டோக்கனைச் செருகினால் அசைவே இல்லை, கடைசி தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. டோக்கன் கம்பெனி சைட்டில் புது டிரைவர் இருந்தது, போட்டதும் சரியாகிவிட்டது. அதனால் சர்வீஸ்காரர் சொல்வதுதான் என் கட்சி, சாமான் செய்கிறவன் பொறுப்பாக இருந்தால் ஓஎஸ் மாறினாலும் நம் வேலை நிற்காது. நாங்கள் சிஸ்டம் மாற்ற வருஷா வருஷம் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிடுகிறோம், வண்டிக்கு டயர் மாற்றுகிற மாதிரி.

எல்லைக்கடை:

கணக்கரே, உங்களுக்கு மாசா மாசம் கட்டணம் வருகிறது. எனக்கு ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுத்தால் என்ன வருகிறது என்று உங்களுக்கே தெரியும். ஆடி மாசம் முழுக்கக் கல்யாணப் பத்திரிகை ஒன்றுகூட வராது. எதிலிருந்து ஒதுக்குவது?

பொள்ளாச்சி சர்வீஸ்:

அண்ணா, சண்டை இருக்கட்டும், வேலை நிற்கக் கூடாது, அதனால் செய்ய முடிகிறதைச் சொல்கிறேன். புது சிஸ்டத்திலேயே விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினிப் பெட்டி மாதிரி ஓடுகிற சாஃப்ட்வேர்) போட்டு அதற்குள் உங்கள் பழைய 32 பிட் விண்டோஸை ஏற்றிவிடலாம். பேஜ்மேக்கர், கீபோர்டு, பாமினி எல்லாம் அதற்குள் ஓடும். பிரிண்டரின் யூஎஸ்பியை அந்தப் பெட்டிக்குள் திருப்பிவிட்டால் பழைய டிரைவரே போதும். ஒரே நிபந்தனை, அந்தப் பெட்டிக்கு நெட் கொடுக்கவே கூடாது. ஸ்கேனுக்கு எஸ்எம்பி முதல் பதிப்பை மறுபடி திறந்து கொடு என்று கேட்டால் நான் செய்ய மாட்டேன், வேறு யாரிடமும் கேட்காதீர்கள். ஜெராக்ஸ் மெஷின் செட்டிங்கில் எஃப்டிபி என்ற வேறு அனுப்பும் முறை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பென்டிரைவில் ஸ்கேன் எடுங்கள். ஒருவேளை மெஷினுக்கு எஸ்எம்பி இரண்டாம் பதிப்பு தெரிந்திருந்தால் பாஸ்வேர்டோடு ஒரு தனி யூசர் போட்டுக் கொடுத்தாலே வந்துவிடும். 24எச்2 என்ற அப்டேட்டுக்குப் பிறகு பாஸ்வேர்டு இல்லாத ஃபோல்டரோடு விண்டோஸ் 11 புரோ பதிப்பு பேச மறுக்கிறது, பல கடைகளில் நின்றுபோனது இதனால்தான்.

சித்தூர் டீச்சர்:

பெட்டிக்குள் பெட்டி வைப்பது நல்ல யோசனைதான், ஆனால் கம்பெனிக்காரர்கள் போட்ட பூட்டு அப்படியேதான் இருக்கிறது. சப்போர்ட்டை நிறுத்துகிற அன்று டிரைவரை எழுதின மூல நிரலை எல்லோரும் பார்க்கும்படி வெளியே விட்டுவிட வேண்டும், அப்படி ஒரு விதி வேண்டும். பல பழைய லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் ஓடுவது கம்பெனி தயவால் இல்லை, யாரோ முன்பின் தெரியாதவர்கள் உட்கார்ந்து அது எப்படிப் பேசுகிறது என்று கண்டுபிடித்து எழுதியதால்.

எல்லைக்கடை:

டீச்சர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு நிரல் எழுதத் தெரியாது, நான் கேட்பது அதைவிடச் சின்னது. எத்தனை வருஷம் டிரைவர் கொடுப்பீர்கள் என்று விற்கும்போதே பெட்டி மேல் அச்சடிக்க வேண்டும். ஐரோப்பாவில் 2025 ஜூன் முதல் செல்போனுக்கு விதி இருக்கிறது, விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது ஐந்து வருஷம் ஓஎஸ் அப்டேட் கிடைக்க வேண்டும். இங்கே நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ரிப்பேர் உரிமைக்கு ஒரு போர்ட்டல் தொடங்கியது, உதவிக்கு 1915 என்ற எண் இருக்கிறது. அதில் பிரிண்டரைப் பற்றிப் புகார் எழுதி வைத்திருக்கிறேன்.

பொள்ளாச்சி சர்வீஸ்:

எழுதுங்கள், ஆனால் வாரண்டி முடிந்த சாமானுக்கு டிரைவர் எழுதித் தரச் சொல்லி உத்தரவு வரும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். வருஷத்தை அச்சடிக்கச் சொன்னால் அந்த வருஷங்களுக்கு ஆகிற செலவை விலையில் ஏற்றுவார்கள், கடைசியில் கொடுப்பது நீங்கள்தான்.

எல்லைக்கடை:

ஏற்றட்டும். ஐந்து வருஷம் என்று போட்ட பிரிண்டருக்கு இரண்டாயிரம் கூட வைத்தாலும் கணக்குப் போட்டுப் பார்த்து வாங்குவேன், கட்டாது என்றால் வேறு மாடல் வாங்குவேன். இப்போது அந்தக் கணக்கைப் போடவே வழியில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் தம்பி, கடை லீவு. பழைய விண்டோஸ் சிடி, அதன் கீ ஒட்டின அட்டை இரண்டும் இருக்கிறது. பிரிண்டர் மாடல் நம்பரை இன்று ராத்திரி அனுப்புகிறேன், டிரைவர் எங்கேயாவது கிடைக்கிறதா என்று அதற்குள் பார்த்து வையுங்கள்.