ஐந்து உயிரெழுத்தும் உள்ள நீளமான ஆங்கிலச் சொற்கள் வேண்டும். எக்செல்லில் ‘எஜுகேஷன்’கூட சிக்கவில்லை

பலகை டீச்சர்:
வணக்கம். எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். வகுப்பு வாசலில் உள்ள பலகையில் வாரம் ஒரு சொல் எழுதுவது வழக்கம். இந்த மாதம் ஏ, ஈ, ஐ, ஓ, யு ஐந்தும் தலா ஒரே ஒரு முறை வரும் நீளமான சொற்களாகப் போடலாம் என்று ஆசை. 1,70,000 சொற்களுக்கு மேல் உள்ள ஒரு பட்டியலை இறக்கி எக்செல்லில் திறந்தேன். ஃபில்டரில் ‘கன்டெய்ன்ஸ்’ கட்டத்தில் ஐந்து எழுத்தையும் வரிசையாக அடித்து, நடுநடுவே நட்சத்திரக் குறி போட்டேன். அப்ஸ்டீமியஸ், ஃபசீஷியஸ் போலச் சில வந்தன. கூடவே அட்வென்டிஷியஸும் வந்தது, அதில் ஐ இரண்டு முறை இருக்கிறது. ஆனால் பசங்களுக்கே தெரிந்த எஜுகேஷன் வரவே இல்லை. எங்கே தப்பு?

சுழியம்:
நியுமோனோ என்று ஆரம்பிக்கும் அந்த 45 எழுத்து நுரையீரல் நோய்ப் பெயரைப் போடுங்கள் டீச்சர். ஐந்தும் இருக்கும்.

பலகை டீச்சர்:
இருக்கும் தம்பி, ஓ மட்டும் 9 முறை இருக்கும்! அதுவும் 1935 வாக்கில் நீளத்துக்காகவே கட்டி விட்ட சொல். வேண்டாம்.

கட்டம்நிரப்பி:
நட்சத்திரக் குறிக்கு ‘இடையில் எது வேண்டுமானாலும் வரலாம்’ என்று பொருள். எழுத்துகள் இடம் மாறலாம் என்று பொருள் இல்லை. நீங்கள் கேட்டது முதலில் ஏ, அதன் பிறகு ஈ, அப்புறம் ஐ... என்று அதே வரிசையில் வரும் சொற்களை. ஈ-டி-யூ-சி-ஏ-டி-ஐ-ஓ-என் என்பதில் ஈ முதலில் வந்துவிட்டது, அதனால் கழன்றுவிட்டது. ஐந்து எழுத்தை 120 விதமாக வரிசைப்படுத்தலாம், நீங்கள் அதில் ஒன்றை மட்டும் தேடியிருக்கிறீர்கள். அப்ஸ்டீமியஸும் ஃபசீஷியஸும் அந்த ஒற்றை வரிசைக்குப் பேர் போனவை, அதனால்தான் உடனே வந்து நின்றன.

இன்னொன்று, ‘இருக்கிறதா’ என்ற கேள்வியும் ‘எத்தனை முறை இருக்கிறது’ என்ற கேள்வியும் வேறு வேறு. ஃபில்டர் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். எண்ணிக்கைக்கு இப்படிச் செய்யுங்கள்: சொல்லுக்குப் பக்கத்தில் எழுத்துக்கு ஒன்றாக ஐந்து பத்திகள். ஏ-க்கான பத்தியில், எக்செல்லின் ‘லென்’ சூத்திரம் வைத்துச் சொல்லின் நீளத்தை எடுத்து, ‘சப்ஸ்டிட்யூட்’ சூத்திரம் வைத்து ஏ-யை நீக்கிய பிறகு உள்ள நீளத்தை அதில் கழியுங்கள். வருவது ஏ எத்தனை முறை என்பது. மற்ற நான்குக்கும் இதேதான். ஐந்திலும் 1 உள்ள வரிகளை மட்டும் வடிகட்டுங்கள். சப்ஸ்டிட்யூட் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்கும். அதனால் முதலில் ‘லோயர்’ போட்டு எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கிவிடுங்கள்.

கணினி கொஞ்சம் திணறும். 9 எழுத்துக்குக் குறைந்தவற்றை முதலிலேயே கழித்துக்கட்டுவது நல்லது.

பலகை டீச்சர்:
அருமை! எஜுகேஷன் வந்துவிட்டது. காலிஃப்ளவரும் வந்தது, பசங்க சிரிப்பார்கள். ஆனால் விடை எல்லாம் ஜி எழுத்தோடு நின்றுபோகிறது. டாம்பரீன் வர வேண்டுமே, இல்லை. பிஹேவியரும் இல்லை. அது பி-யில் ஆரம்பிக்கிற சொல் ஆயிற்றே?

கட்டம்நிரப்பி:
சொற்கள் உள்ள தாளில் கன்ட்ரோலும் கீழ் அம்புக்குறியும் அழுத்துங்கள். கடைசி வரியின் எண் என்ன?

பலகை டீச்சர்:
65,536.

கட்டம்நிரப்பி:
பிடித்துவிட்டோம். கோப்பைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவில் சேமித்திருக்கிறீர்கள். அதில் ஒரு தாளுக்கு அவ்வளவு வரிதான் கொள்ளும், மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டது. 2007-இல் வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவில் 10,48,576 வரி வரை போகலாம். மூல உரைக்கோப்பை மறுபடி திறந்து அதில் சேமியுங்கள். வெட்டுப்பட்ட கோப்பை வடிவம் மாற்றினால் போனது திரும்பி வராது.

பலகை டீச்சர்:
சத்தம் போட்டது சார், நான்தான் ஏதோ எச்சரிக்கையில் ‘தொடர்க’ அழுத்திவிட்டேன். பள்ளிக் கணினியில் பழைய ஆஃபீஸ் இருக்கிறதே என்று அந்த வடிவில் போட்டேன்.

மலைக்கோட்டைவாசி:
பிஹேவியருக்கு நான் சொல்கிறேன். உங்கள் பட்டியல் அமெரிக்கப் பட்டியலாக இருக்கும். நாம் ஓ-வுக்குப் பிறகு யு போடுவோம், அவர்கள் போடுவதில்லை. நோவா வெப்ஸ்டர் 1828 அகராதியிலேயே இந்த மாதிரிச் சொற்களில் அதை எடுத்துவிட்டார். யு போனால் ஐந்தில் ஒன்று போச்சு. ஃபேவரிட்டுக்கும் இதே கதி, தேடிப் பாருங்கள். ஸ்கவுல் என்று ஒரு சொற்பட்டியல் தொகுப்பு இருக்கிறது, எழுத்துப்பிழை திருத்திகளுக்காகச் செய்தது. அதில் பிரிட்டிஷ் எழுத்துமுறையைத் தேர்ந்தெடுத்து இறக்கலாம்.

கட்டம்நிரப்பி:
எனக்கு இது தோன்றவே இல்லை. சபாஷ்.

பலகை டீச்சர்:
எல்லாம் சரியாகிவிட்டது. வீட்டு மடிக்கணினியில் புதிய கோப்பு, பிரிட்டிஷ் பட்டியலையும் கடைசியில் ஒட்டிக்கொண்டேன். டாம்பரீன், பிஹேவியர், ஃபேவரிட் மூன்றும் வந்தன. 15 எழுத்தில் அன்காபிரைட்டபிள் கிடைத்தது. அதில் உயிரெழுத்து மட்டுமல்ல, எந்த எழுத்துமே இரண்டு முறை வரவில்லை! அதே நீளத்தில் அன்காம்ப்ளிமென்டரியும் இருக்கிறது.

ஆனால் திங்கட்கிழமைக்கு நான் எடுத்து வைத்திருப்பது 14 எழுத்து சப்கான்டினென்டல். யு, ஓ, ஐ, ஈ, ஏ என்று ஐந்தும் தலைகீழாக வருகின்றன. நான் முதலில் தேடிய வரிசைக்கு நேர் எதிர்.

சுழியம்:
டீச்சர், செவ்வாய்க்கிழமைக்கு அந்த 45 எழுத்து?

பலகை டீச்சர்:
பலகை அவ்வளவு அகலம் இல்லை தம்பி.