பைனஸ் காட்டின் அடியில் உண்மையில் ஏதாவது முளைக்கிறதா?

தெஹிவளைவாசி:
கண்டிக்குப் போன இடத்தில் ஹந்தானைப் பைனஸ் காட்டுக்குள் நடந்தோம். தரையெல்லாம் காய்ந்த ஊசியிலை. கால் வழுக்குகிறது. அதற்கு அடியில் பச்சையாக ஒன்றுமே இல்லை, குருவிச் சத்தம்கூட இல்லை. இதையும் நாட்டின் வனப்பரப்புக் கணக்கில் சேர்ப்பது சுத்த ஏமாற்று. கரிபியன் பக்கத்து மரத்தைக் கொண்டுவந்து வரிசை வரிசையாக நட்டதை எல்லாம் ஒரேயடியாக வெட்டிவிட்டு நம் மரங்களை வைக்க வேண்டும். மறுப்பவர்கள் வரலாம்.

மழைக்காட்டான்:
வந்துவிட்டேன். சிங்கராஜ மழைக்காட்டின் ஓரத்தில் இருக்கும் பைனஸ் தோட்டத்துக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். பிசின் எடுக்கக் கீறிய தழும்போடு நிற்கும் பைனஸ் மரத்தின் காலடியிலேயே வட்டக்கண்ணி மரக்கன்று குடைபோல இலை விரித்து நிற்கும். யாரும் நட்டதில்லை. கொண்டைக்குருவி பழத்தைத் தின்றுவிட்டுப் பைனஸ் கிளையில் வந்து உட்காரும், மிச்சத்தை அதன் எச்சம் பார்த்துக்கொள்ளும். அந்தப் பைனஸ் இல்லாவிட்டால் அங்கே இருந்திருப்பது கெக்கில்லப் பன்னம். பாய் விரித்த மாதிரி மூடிக்கொள்ளும் அதற்குள் எந்த விதையும் மண்ணைத் தொடாது. பைனஸ் நிழல்தான் அதை அடக்குகிறது.

பதுளைப் பெடியன்:
சிங்கராஜவை வைத்து முழு நாட்டுக்கும் கணக்குப் போடாதீங்க அண்ணை. இப்போது கொட்டாஞ்சேனையில் இருந்தாலும் நான் ஊவாக்காரன். எங்கள் பக்கம் பைனஸ் நட்டது பத்தனைப் புல்வெளியில். குருவி விதை கொண்டுவர முதலில் பக்கத்தில் ஒரு காடு இருக்க வேண்டாமா? அப்படியே நாலு கன்று தலைகாட்டினாலும் வறண்ட காலத்தில் காற்று அடிக்க, யாரோ வைத்த தீ ஊசியிலைப் படுக்கையில் ஏறி எல்லாவற்றையும் முடித்துவிடும். வளர்ந்த பைனஸுக்குப் பட்டை தடிப்பு, அது தப்பிவிடும். மறுபடி முளைப்பது மானாப்புல்தான். அந்தப் பத்தனையும் வெறும் நிலமில்லை. அங்கே இருந்த செடிகளைப் பற்றி இங்கே ஒருவரும் பேசுவதில்லை. பைனஸ் வந்த பிறகு ஊற்று வற்றியதைத் தோட்ட லயத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மழைக்காட்டான்:
தண்ணீர் விஷயத்தில் பைனஸை மட்டும் குற்றவாளி ஆக்காதீர்கள். புல் இருந்த இடத்தில் எந்த மரத்தை அடர்த்தியாக நட்டாலும் ஓடைக்குப் போகும் நீர் குறையத்தான் செய்யும். தீ பற்றிச் சொன்னது சரி, அதில் எனக்கு வாதமில்லை.

வெள்ளவத்தை அக்கா:
இரண்டு பேரும் வேறு வேறு மலையைப் பார்த்துவிட்டு ஒரே மரத்துக்குச் சண்டை பிடிக்கிறீர்கள். அடியில் பச்சை இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், என்ன பச்சை என்றும் கேளுங்கள். சிங்கராஜ ஓரத்தில்கூடத் தானாக வருவது பெரும்பாலும் சிறு விதைச் செடிகள்தான். கிளிடேமியா மாதிரி வெளிநாட்டுப் புதரும் அதே குருவி வழியாகத்தான் வருகிறது. ஹொர, தூன் போன்ற பெரிய மரங்களின் கதை வேறு. காய்க்குச் சிறகு இருந்தும் தாய்மரத்தை விட்டு அதிக தூரம் போகாது. விழுந்த கையோடு முளைக்க வேண்டும், மண்ணில் வருடக்கணக்காகக் காத்துக் கிடக்காது. சும்மா விட்டால் அவை வந்து சேர எத்தனை தலைமுறை ஆகுமோ!

அதனால்தான் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சாவித்திரி, நிமல் குணதிலக்க இருவரும் யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் ஆஷ்டனோடு சேர்ந்து, 1990களில் சிங்கராஜ ஓரத்துப் பைனஸுக்கு நடுவே ஹொர, நா, தூன் கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். முழு நிழலில் கன்றுகள் மந்தமாகவே வளர்ந்தன. பைனஸ் வரிசைகளை அகற்றி வெளிச்சம் விட்ட இடத்தில் நன்றாக எழும்பின.

தெஹிவளைவாசி:
அப்போ வெட்டத்தான் வேண்டும். நானும் அதைத்தானே சொன்னேன்?

வெள்ளவத்தை அக்கா:
இல்லை தம்பி. நீங்கள் சொன்னது ஒரேயடியாக வெட்டுவது. முழு வெயில் விழுந்தால் கெக்கில்ல திரும்பும், உலர்ந்த பக்கமென்றால் கினிப்புல் ஏறும், சரிவில் மண் மழையோடு போய்விடும். மிச்ச வரிசைகள் நின்றால்தான் கன்றுக்குப் பாதி நிழல் கிடைக்கும்.

குருநாகல் மாப்பிள்ளை:
இடையில் ஒன்று. எங்கள் பக்கம் மஹோகனித் தோட்டத்துக்கு அடியில் மஹோகனிக் கன்றே அடர்ந்து முளைக்கிறது. அதுவும் வெளிநாட்டு மரம்தான். அதைப் பிடுங்குவதா, விடுவதா?

மழைக்காட்டான்:
மாப்பிள்ளை, அதற்குத் தனி இழை திறங்க, இது ஏற்கெனவே நீண்டுவிட்டது.

தெஹிவளைவாசி:
சரி, வரிசை வரிசையாகவே வெட்டுவோம். அனுமதி கிடைத்த மறுநாளே லொறி வரும், அதில் சந்தேகமில்லை. கன்று நட யார் வருவார்?

வெள்ளவத்தை அக்கா:
மரத்தை எடுக்கிறவனின் ஒப்பந்தத்திலேயே கன்று நடுவதையும் சில வருடப் பராமரிப்பையும் எழுத வேண்டும். உயிரோடு நிற்கும் கன்றை எண்ணிப் பார்த்த பிறகுதான் அடுத்த வரிசையைத் தொட விட வேண்டும்.

பதுளைப் பெடியன்:
அக்கா, எங்கள் பக்கத்துக்கு அதற்கு முன்னால் தீத்தடுப்புப் பாதை வெட்டித் தாருங்கள். அது இல்லாமல் நட்டால், எண்ணிப் பார்க்கக் கன்று மிஞ்சாது.