காட்பாடி – பெங்களூரு: ஒரே ரயில் பயணத்தில் முடிகிற கிறுக்குக் கதைகள் எது?

பாலாறு மணல்:
வாராவாரம் காட்பாடியில் ஏறி பெங்களூரு போகணும். சுமார் நாலு மணி நேரம். இறங்குறதுக்குள்ள முடியுற சின்னப் புத்தகம் சொல்லுங்க. கொஞ்சம் கிறுக்குத்தனம், கொஞ்சம் இருட்டு. சிரிக்கும்போதே வயித்தைப் பிசையணும். பேய், துப்பறியும் கதை வேண்டாம். மொழிபெயர்ப்பும் சரி.

இலவம்பாடி கத்திரிக்கா:
முதல்ல கணக்கு. ஒரு பக்கத்துக்கு ஒன்றரை நிமிஷம் வைங்க. டிக்கெட் பரிசோதனை, வடை, ஜன்னல் எல்லாம் கழிச்சா 120 பக்கம்தான் ஓடும். அதுக்கு மேல எடுத்தா கடைசி அத்தியாயம் பைக்குள்ளேயே கிடக்கும்.

உங்க அளவுக்குக் கச்சிதமானது ஜெர்மன் மொழியில எழுதின காஃப்காவோட ‘உருமாற்றம்’ (1915). மூணே பாகம், ஆம்பூர் வர்றதுக்குள்ள முதல் பாகம் முடிஞ்சிடும். விடிஞ்சா ஒருத்தன் பூச்சியா மாறிக் கிடக்கிறான், அவன் கவலையெல்லாம் அஞ்சு மணி ரயிலை விட்டுட்டோமே, ஆபீஸ்ல என்ன சொல்றதுன்னுதான். கிறுக்கும் இருட்டும் அந்த ஒரு இடத்துலயே இருக்கு. மொழிபெயர்ப்புதான் காலை வாரும். வாங்குறதுக்கு முன்னாடி நடுவுல ஒரு பக்கத்தை வாய்க்குள்ள படிச்சுப் பாருங்க. மூச்சு முட்டினா வச்சிடுங்க.

ஆற்காடு மக்கன்பேடா:
பெங்களூருக்குப் போறவர் விவேக் ஷான்பாக்கின் ‘காச்சர் கோச்சர்’ படிக்காம இறங்கலாமா? கன்னடத்துலேர்ந்து தமிழுக்கு வந்திருக்கு. திடீர்னு காசு வந்த குடும்பம். பழைய வீட்ல எறும்பை நசுக்குற பக்கங்களைக் கவனமா படிங்க, பின்னாடி நடக்கிறது எல்லாத்துக்கும் அங்கேயே வாசனை அடிக்கும். முடிவை உடைச்சுச் சொல்ல மாட்டார், அது பிடிக்காதவங்களுக்கு எரிச்சல்தான்.

பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’யும் உங்க ரகம். ஆட்டுக்குட்டிக்குக் காது குத்தி அரசாங்கத்துல பதிவு பண்ண வரிசையில நிக்கிறாங்க. ஆனா ஒரு நடைக்குள்ள அடங்காது, போக வர ரெண்டுக்கும் வைங்க. கடைசிப் பகுதி பஞ்சம். சிரிப்பு அங்க நின்னுடும்.

கோட்டை அகழி:
வீட்டுல புதுமைப்பித்தனை வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடுறீங்களே! ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’: பிராட்வே முனையில வந்து வழி கேட்கிற கடவுளுக்கு ஓட்டல்ல காபி, அப்புறம் அவர்கிட்டயே பத்திரிகைக்கு ஜீவிய சந்தா, அதாவது ஆயுள் சந்தா. யாரோட ஜீவியம்ங்கறதுதான் சிக்கல். அதை முடிச்சுட்டு ‘காஞ்சனை’. பேய் வேண்டாம்னீங்க, ஆனா இதுல பேயா இல்லையான்னே கடைசிவரை பிடிபடாது. முழுத் தொகுப்பை மட்டும் தூக்காதீங்க, தலையணை கனம். தனித்தனியா வந்த சின்னத் தொகுதி போதும்.

பாலாறு மணல்:
நன்றி சார். புதுமைப்பித்தனை போன்ல படிக்க முடியுமா?

கோட்டை அகழி:
தாராளமா. 1948-ல மறைஞ்சவர், நம்ம நாட்டுல ஆசிரியர் காலமாகி 60 வருஷத்துல காப்புரிமை முடிஞ்சிடும். தமிழ் நூல்களை இணையத்துல ஏத்தி வைக்கிற மதுரைத் திட்டத்துல இலவசமா இருக்கு. ரெண்டு இடத்துல மாட்டுவீங்க. பழைய கோப்பு சிலது டிஸ்கிங்கிற பழைய எழுத்துக் குறியாக்கத்துல இருக்கும், போன்ல தாறுமாறாத்தான் தெரியும். யூனிகோடுன்னு போட்டதை எடுங்க. பிடிஎஃப் பெரிய தாள் அளவு, ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளணும். ஓடுற ரயில்ல தலை சுத்தும். இபப்ங்கிற (EPUB) மின்னூல் வடிவம் கிடைச்சா அதுதான், எழுத்தைப் பெரிசாக்கினா வரி தானா மடங்கும். வீட்டுலயே இறக்கி, போனை விமான நிலையில போட்டு ஒரு தரம் திறந்து பார்த்துட்டு ஏறுங்க.