பாம் த்ரீ கையடக்கக் கணினியில் ஃபோர்த்: அகராதியை எங்கே வைப்பது?

பழங்கணினி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். 1998-இல் வெளிவந்த பாம் த்ரீ ஒன்று என்னிடம் இன்றும் பழுதின்றி ஓடுகிறது. 16 மெகாஹெர்ட்ஸ் டிராகன்பால் சில்லும் 2 மெகாபைட் நினைவகமும் கொண்ட அந்தக் கருவிக்கு ஃபோர்த் என்னும் நிரல்மொழியை நானே எழுதி வருகிறேன். அரிசோனாவின் கிட் பீக் மலையில் வானொலித் தொலைநோக்கியை இயக்குவதற்கு 1970-களின் தொடக்கத்தில் சார்லஸ் மூர் பயன்படுத்திய மொழி இது. நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரும், ‘சொற்கள்’ எனப்படும் கட்டளைகள் அனைத்தும் குடியிருக்கும் அகராதியும் சேர்ந்தே சில கிலோபைட்டுகளுக்குள் அடங்கிவிடும் என்பதால், இவ்வளவு சிறிய கருவிக்கு இதைவிடப் பொருத்தமான மொழி இல்லை என்று நம்பித்தான் தொடங்கினேன்.

மதிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கில் உச்சியை நகலெடுக்கும் டூப், மேலிரண்டை இடம்மாற்றும் ஸ்வாப், கூட்டல் முதலிய அடிப்படைச் சொற்கள் சரியாக வேலை செய்கின்றன. ஆனால் : என்று தொடங்கிப் புதிய சொல் ஒன்றை வரையறுத்த மறுகணமே கருவி பிழைச்செய்தி காட்டி நின்றுவிடுகிறது. செயலியை மூடித் திறந்தாலும் நான் வரையறுத்த சொற்கள் அழியக் கூடாது என்பதற்காக, அகராதியை ஒரு தரவுத்தளப் பதிவுக்குள் வைத்து, அதன் முகவரியில் நேரடியாக எழுதுகிறேன். இன்னொரு சிக்கலும் உண்டு. கீ என்னும் சொல் ஓர் எழுத்துக்காகக் காத்திருக்கும்போது வேறு செயலிக்கு மாற முடியவில்லை. பேட்டரியும் வேகமாகத் தீர்கிறது. இவ்விரண்டுக்கும் வழி தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அடுக்கு68 எழுதியது:

வணக்கம் ஐயா. முதல் சிக்கலுக்குக் காரணம் உங்கள் கம்பைலர் அன்று. பாம் இயங்குதளம் நினைவகத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒன்று செயலிகள் ஓடும்போது பயன்படுத்தும் இயங்குநிலை நினைவகம், மற்றது தரவுத்தளங்கள் குடியிருக்கும் சேமிப்புப் பகுதி. சேமிப்புப் பகுதியை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நேரடியாக எழுத முயன்றால் வன்பொருளே தடுத்துவிடும். இயங்குதளத்தின் டிஎம்ரைட் என்னும் அழைப்பின் வழியாக மட்டுமே அங்கே எழுத வேண்டும். ஃபோர்த்தோ கணினி முழுவதும் தனக்கே உரியது என்ற எண்ணத்தில் பிறந்த மொழி. கமா என்னும் சொல் அகராதியின் நுனியில் எந்த அனுமதியும் கேட்காமல் எழுதும். ஒவ்வொரு கமாவுக்கும் டிஎம்ரைட்டை அழைத்தாலும் வேலை நடக்கும் என்றாலும், வேரியபிள் கொண்டு உருவாக்கிய மாறிகளில் ! என்னும் சொல்லால் மதிப்பை எழுதும் ஒவ்வொரு முறையும் அதே சுற்றுவழியில் போக வேண்டிவரும் என்பதால் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

நான் கையாண்ட வழி இது. செயலி தொடங்கும்போது இயங்குநிலை நினைவகத்தில் 32 கிலோபைட் துண்டு ஒன்றைப் பெற்று, பதிவில் உள்ள அகராதியை அதற்குள் நகலெடுக்கிறேன். மூடும்போது டிஎம்ரைட் மூலம் பதிவுக்குத் திருப்பி எழுதுகிறேன். உங்கள் கருவியில் அந்தப் பகுதி முழுவதுமே 96 கிலோபைட்தான், இயங்குதளமும் அதையே பகிர்ந்துகொள்கிறது என்பதால் 32-க்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

அடுத்த முறை அந்தத் துண்டு வேறு முகவரியில் அமரும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆகவே அகராதிக்குள் முழு முகவரி எதையும் சேமிக்காமல், துண்டின் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தொலைவு என்பதை 16 பிட் எண்ணாக மட்டும் வையுங்கள். தொடக்க முகவரியைச் சில்லுக்குள் இருக்கும் ஏ4 பதிவகத்தில் வைத்துக்கொள்ளலாம். ஏ5 செயலியின் பொது மாறிகளுக்கு உரியது, அதைத் தொடாதீர்கள். இயங்குதள அழைப்புகள் டி0, டி1, டி2, ஏ0, ஏ1 ஆகியவற்றை அழித்துவிடக்கூடும் என்பதால், அடுக்கின் உச்சி மதிப்பை டி3-இல் வைப்பது பாதுகாப்பானது. அகராதியில் புதிய சொல்லின் பெயரை எழுதி முடித்தவுடன் இரட்டைப்படை முகவரிக்கு நகர்ந்துவிடுங்கள். ஒற்றைப்படை முகவரியில் 16 பிட் சொல்லைப் படித்தால் இந்தச் சில்லு உடனே பிழை எழுப்பி நின்றுவிடும்.

மாலைநேரம் எழுதியது:

இரண்டாம் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனெனில் ஒரே இரவில் புதிய பேட்டரிகள் இரண்டையும் இழந்து கற்ற பாடம் அது. உங்கள் கீ, எழுத்து வந்ததா என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே சுழல்கிறது என்று ஊகிக்கிறேன். அப்படிச் சுழலும்வரை செயலிச் சில்லுக்கு ஓய்வே கிடையாது. நிகழ்வைப் பெறும் அழைப்புக்குக் காலவரம்பாக ‘என்றென்றும் காத்திரு’ என்ற மதிப்பைக் கொடுத்தால், பேனா திரையைத் தொடும்வரை சில்லு உறங்கும். வந்த நிகழ்வை முதலில் இயங்குதளத்திடமும், பின் மெனுவிடமும், பின் திரையில் உள்ள படிவத்திடமும் கொடுத்து, எவரும் எடுத்துக்கொள்ளாத எழுத்தை மட்டும் கீ திருப்பித் தர வேண்டும்.

பயனர் வேறு செயலியின் பொத்தானை அழுத்தும்போது உங்களுக்கு ‘நிறுத்து’ என்னும் நிகழ்வு வந்து சேரும். அப்போது ஃபோர்த் பத்துச் சொற்களின் ஆழத்தில் இருக்கலாம். ஃபோர்த்துக்கான 1994-ஆம் ஆண்டின் ஆன்சி தரம் தரும், ஆழத்திலிருந்து ஒரே தாவலில் வெளியேற உதவும் கேட்ச், த்ரோ ஆகிய இரண்டு சொற்களும் இந்த இடத்துக்கென்றே செய்தவை போலப் பொருந்துகின்றன: கீ ஒரு த்ரோ செய்ய, வெளிவட்டத்துக் கேட்ச் அதைப் பிடித்து, அகராதியைச் சேமித்து ஒழுங்காக வெளியேறும். பாதி வரையறுத்த சொல் அகராதியில் தங்கிவிடாமல் இருக்க, : தொடங்கும்போதே அகராதி நுனியைக் குறித்துவைத்து, அவ்விடத்துக்கே திரும்புங்கள். நீண்ட கணக்கீடுகளுக்கு, இடையில் பிற வேலைகளுக்கு வழிவிடும் பாஸ் (PAUSE) என்னும் பழைய சொல்லை எழுதி, அதனுள் காலவரம்பு 0 கொடுத்து நிகழ்வைப் பார்த்துவிட்டால் போதும்.

கிட்டங்கி எழுதியது:

மேலே சொன்னவற்றுடன் உடன்படுகிறேன். ஆனால் அகராதிக்குள் 16 பிட் என்பதால் தரவு அடுக்கையும் 16 பிட் ஆக்கிவிட வேண்டாம். இயங்குதளம் தரும் முகவரிகள் அனைத்தும் 32 பிட் என்பதால், ஒவ்வொரு படிவமும் ஒவ்வொரு பதிவும் அடுக்கில் இரண்டு அறைகளைப் பிடித்துக்கொள்ளும். ஓர் அறையை நகலெடுக்கும் டூப்பா, இரண்டை நகலெடுக்கும் டூடூப்பா என்ற குழப்பம் தீரவே தீராது. கையடக்கக் கருவிக்கு ஃபோர்த் புதிதன்று. 1984-இல் வந்த எச்பி 71பி கணிப்பானுக்கு ஃபோர்த் ரோம் கூறு ஒன்று தனியாகக் கிடைத்தது. அதன் சாட்டர்ன் சில்லின் முகவரி 20 பிட் என்பதால், அங்கே அடுக்கின் அறையும் 20 பிட்டாகவே அமைந்தது. வழக்கமான அகலத்தைப் பிடித்துக்கொண்டிராமல் கருவியின் முகவரிக்கு ஏற்ப அறையை வெட்டிய அந்தத் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

உள்ளீட்டையும் இப்போதே எண்ணிப் பாருங்கள். திரையில் பேனாவால் எழுதும் கிராஃபிட்டி கையெழுத்தில் நிறுத்தக்குறி ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு தட்டலோ கோடோ கூடுதலாகத் தேவை, ஃபோர்த்தில் :, @, ! இல்லாத வரியே அரிது. அதனால் இவற்றுக்குத் திரையின் அடியில் பொத்தான்கள் வைத்தேன். மூலநிரலை மெமோ பேட் என்னும் குறிப்புச் செயலியிலிருந்து படிப்பதும் நல்லது. ஒரு மெமோவுக்கு வரம்பு 4 கிலோபைட், ஃபோர்த்தில் மூலநிரலைச் சேமிக்கும் மரபான துண்டாகிய பிளாக் 1,024 பைட் என்பதால் அளவும் ஒத்துப்போகிறது. ஆனால் பிளாக்கின் 64 எழுத்து வரியை 160 புள்ளி அகலத் திரையில் எதிர்பார்க்க முடியாது.

பழங்கணினி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அகராதியை 32 கிலோபைட் துண்டுக்கு மாற்றி, அடுக்கை 32 பிட் ஆக்கிவிட்டேன். நேற்று வரையறுத்த சொற்கள் இன்று காலை திறந்தபோது அப்படியே இருந்தன. கீ இப்போது உறங்குகிறது, செயலி மாறுவதும் தடையின்றி நடக்கிறது. ஒரு சொல்லின் முகவரியை மாறியில் போட்டு வைத்திருந்த என் சொந்த நிரல் மட்டும் மறுதிறப்பில் தவறான இடத்துக்குத் தாவியது. அதையும் தொலைவு எண்ணாகவே சேமிக்கும்படி ஒரு சொல்லின் முகவரியைத் தரும் டிக் என்னும் சொல்லையும், அம்முகவரியில் உள்ளதை இயக்கும் எக்சிக்யூட்டையும் இன்று திருத்தி வருகிறேன். முடிந்ததும் முழு நிரலையும் இங்கே இடுகிறேன்.