காதுல எண்ணெய் ஊத்தலாமா?

குழு: நம்ம தெரு, தருமபுரி

மாடிவீட்டு அண்ணி, காலை 6:42
சின்னவ காது வலினு நைட்டெல்லாம் தூங்கல. நாலு நாளா சளி. ரெண்டரை வயசு. பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காச்சி வெச்சிருக்கேன். ஊத்தலாமா?

கோடிவீட்டு பெரியம்மா, 6:44
வெதுவெதுனு ரெண்டு சொட்டு விடு கண்ணு. நாங்கெல்லாம் அதான் செஞ்சோம்.

நர்ஸ் அக்கா, 6:51
வேண்டாம் பெரியம்மா. வலி செவிப்பறைக்கு அந்தப் பக்கம். மூக்குக்குப் பின்னாடியிருந்து காதுக்குப் போற குழாய் சளியில அடைச்சிக்குது. உள்ள நீர் கோத்து பறைய வெளிய தள்ளுது. ஊத்துற எண்ணெய் அங்க போகாது. பறையில ஓட்டை விழுந்திருந்தாதான் போகும், போனா இன்னும் கேடு.

நர்ஸ் அக்கா, 6:52
ஜுரம் எவ்ளோ? காதுல சீழ், தண்ணி வடியுதா? பாப்பா எடை?

மாடிவீட்டு அண்ணி, 6:55
100.4. வடியல. 12 கிலோ. வீட்ல பாராசிட்டமால் சிரப் இருக்கு, 5 மில்லி குடுக்கட்டா?

மெடிக்கல் அண்ணன், 6:58
லேபிள படிச்சிட்டு குடும்மா. 5 மில்லியில 120 மி.கி. இருக்கறது ஒண்ணு, 250 இருக்கறது ஒண்ணு. பாட்டிலு பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். கிலோவுக்கு 15 மி.கி. கணக்கு, 12 கிலோவுக்கு 180. 120 பாட்டில்னா 7.5 மில்லி. 250னா 3.6 மில்லிதான். ரெண்டுக்கும் 5 மில்லினு ஊத்துனா ஒண்ணுல பத்தாது, இன்னொண்ணுல கூடிப்போவும்.

மெடிக்கல் அண்ணன், 6:59
6 மணி நேரம் இடைவெளி விடணும். ஒரு நாளைக்கு 4 தடவைக்கு மேல வேண்டாம். ஊசி இல்லாத சிரிஞ்சுல அளந்து குடு, டீஸ்பூன் அளவு வீட்டுக்கு வீடு மாறும். போன தடவை மிஞ்சுன ஆன்டிபயாடிக்க எடுத்து கலக்கிடாத.

நர்ஸ் அக்கா, 7:03
ஒரு காது, வலி ஓரளவுதான், ஜுரமும் கம்மினா ரெண்டு நாள் பாக்கலாம். நிறைய தானாவே சரியாயிடும். 48 மணி நேரத்துல குறையலைனாலும், ஜுரம் 102 தாண்டினாலும், காது வடிஞ்சாலும் டாக்டர்கிட்ட காட்டு. காதுக்குப் பின்னாடி எலும்பு மேல சிவந்து வீங்கி, காது முன்னாடி தள்ளினாப்ல தெரிஞ்சா அன்னிக்கே போயிடணும். 6 மாசத்துக்குள்ள குழந்தைனா இந்த ரெண்டு நாள் கணக்கே கிடையாது, உடனே டாக்டர்தான்.

கோடிவீட்டு பெரியம்மா, 7:05
🌹 இனிய காலை வணக்கம் 🌹

பால்காரர் வீட்டு தம்பி, 7:09
அக்கா, வெயில்ல விளையாடினா பையனுக்கு சில்லுமூக்கு உடையுது. தலைய மேல தூக்கி வெச்சிப் படுக்க வெக்கலாமா?

நர்ஸ் அக்கா, 7:11
கூடாது. ரத்தம் தொண்டைக்கு இறங்கி வாந்தி வரும். உக்கார வெச்சு முன்னாடி குனிய வை. எலும்பு முடிஞ்சு மெத்துனு இருக்கற இடத்த ரெண்டு பக்கமும் சேத்து இறுக்கிப் புடி. கடிகாரம் பாத்து 10 நிமிஷம், நடுவுல விட்டுப் பாக்காத, விட்டா கட்டுன ரத்தம் கலைஞ்சிடும். வாயால மூச்சு விடட்டும், வாயில வர்றத துப்பட்டும். நிக்கலைனா இன்னொரு 10. அப்பவும் நிக்கலைனா ஜிஎச்.

பெரியப்பா, 7:20
எனக்கும் ஒண்ணு சொல்லும்மா. நேத்து காலைல எந்திரிச்சதுலருந்து இடது காது அடைப்பு. ஙொய்னு ஒரே சத்தம். அழுக்குதான், பட்ஸ் விட்டா வந்துடும்.

நர்ஸ் அக்கா, 7:21
பட்ஸ கீழ வைங்க பெரியப்பா. அது அழுக்க இன்னும் உள்ளதான் தள்ளும். மொதல்ல ஒண்ணு பண்ணுங்க. வாய மூடி "ம்ம்ம்"னு நீட்டா முனகுங்க. சத்தம் எந்தக் காதுல பலமா கேக்குது?

பெரியப்பா, 7:24
வலது.

நர்ஸ் அக்கா, 7:25
அழுக்கோ சளியோ அடைச்சிருந்தா முனகல் அடைச்ச காதுலதான் பலமா கேக்கும். நல்ல காதுப் பக்கம் போவுதுனா காது நரம்பு அடி வாங்கியிருக்கலாம். வீட்ல பாக்கறது ஒரு குறிப்புதான், ஆனா திடீர்னு ஒரு காது போச்சுன்னா அழுக்குனு விட்டுடக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை மொத சில நாள்லயே ஆரம்பிச்சா காது திரும்பக் கேக்க வாய்ப்பு ஜாஸ்தி. ரெண்டு வாரம் தாண்டினா ரொம்பக் குறைஞ்சிடும். வலி இல்லாததாலயே நிறைய பேர் விட்டுடறாங்க.

மாடிவீட்டு அண்ணி, 7:27
மாமா, நாளைக்குனு தள்ளாதீங்க!

நர்ஸ் அக்கா, 7:28
வாய் கோணுதா? பேச்சு குழறுதா? நடக்கும்போது தள்ளுதா?

பெரியப்பா, 7:30
அதெல்லாம் இல்ல. நல்லாதான் நடக்கறேன்.

நர்ஸ் அக்கா, 7:31
அதுல ஒண்ணு இருந்தாலும் 108தான் கூப்பிடணும். இப்ப மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி காலை ஓபிக்கு போங்க, காது மூக்கு தொண்டைனு சொல்லி சீட்டு போடுங்க. மொதல்ல காதுக்குள்ள லைட் அடிச்சுப் பாப்பாங்க, அப்புறம் ஆடியோகிராம், அதான் காது எவ்ளோ கேக்குதுனு பாக்கற டெஸ்ட். "அடைப்பு"னு மட்டும் சொன்னா சொட்டு மருந்து எழுதி அனுப்பிடலாம். "நேத்து காலைலருந்து திடீர்னு கேக்கல"னு சொல்லுங்க.

மெடிக்கல் அண்ணன், 7:33
சுகர் சீட்டு, சாப்புடற மாத்திரை எல்லாம் கைல எடுத்துக்கோங்க. ஸ்டீராய்டுக்கு சுகர் ஏறும், டாக்டருக்குத் தெரியணும். சீட்டு இல்லாம எங்கடைல வந்து கேக்காதீங்க, தர மாட்டேன்.

பால்காரர் வீட்டு தம்பி, 7:35
பெரியப்பா, 8 மணிக்கு வண்டி எடுத்துட்டு வாசலுக்கு வர்றேன்.